ஞாயிற்றுக்கிழமை ஊர் எங்கே போகிறது?

வாசகர் கேள்வி – பதில்

ஜெர்மனியில் படிக்கும் மாணவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்த கடிதங்களில், வார இறுதிப் பயணங்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் ஆஹன் நகரில் இரண்டு ஆண்டுகள் முதுகலை படித்தவள். எழுதியவர்களில் பெரும்பாலோர் அந்த நகரையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் சேர்ந்தவர்களாக இருப்பதால், பதில்களும் அந்தப் பகுதியையே சுற்றி அமைந்திருக்கின்றன.

கேள்வி: அக்டோபர் மாதம் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். சனிக்கிழமை இரவு கடைகள் மூடியதிலிருந்து திங்கட்கிழமை காலை வரை ஊர் ஓசையற்றுக் கிடக்கிறது. அறைக்குள்ளேயே இருந்து, வீட்டுக்குப் பேசி, கைப்பேசியைப் பார்த்து ஞாயிறு கழிந்துவிடுகிறது. மாலையானால் காரணமில்லாமல் அழுகை வருகிறது. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்வார்கள்?
– ஆஹனிலிருந்து ஒரு மாணவி

பதில்: உங்கள் அழுகைக்குக் காரணம் இருக்கிறது, தங்கையே. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைத்தெரு நிரம்பியிருக்கும், கறிக்கடையில் கூட்டம் நிற்கும், உறவினர் வருவார்கள். ஓய்வு நாளுக்கு நம் காதில் பதிந்திருக்கும் ஓசை அது. அந்த ஓசை இல்லாத இடத்தில் மனம் ஏதோ துக்கம் நடந்த வீட்டில் இருப்பதுபோல் உணர்கிறது. எனக்கும் முதல் மூன்று மாதங்கள் அப்படித்தான் இருந்தன.

அந்த அமைதி தற்செயலாக வந்ததன்று, சட்டத்தால் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களும் உழைப்பிலிருந்து ஓய்வு பெறுவதற்கும் உள்ளத்தை உயர்த்திக்கொள்வதற்கும் உரிய நாட்களாகக் காக்கப்படும் என்று ஜெர்மனியின் 1919-ஆம் ஆண்டு அரசியல் சாசனமான வைமார் சாசனம் கூறியது. அந்தப் பிரிவை 1949-ஆம் ஆண்டின் இன்றைய சாசனமும் அப்படியே ஏற்றுக்கொண்டது. அதனால்தான் ரயில் நிலையத்துக் கடைகளும், காலையில் சில மணி நேரம் திறக்கும் ரொட்டிக் கடைகளும் தவிர மற்றவை பெரும்பாலும் மூடியிருக்கின்றன. அண்டை வீட்டார் சுவரில் துளை போடுவதில்லை. காலிக் கண்ணாடிப் புட்டிகளைக் கூட அன்று தொட்டியில் போடுவதில்லை.

ஆனால் ஊர் அறைக்குள் அடைந்து கிடக்கிறது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கடைத்தெருவில் இல்லாத மக்கள் அனைவரும் அந்த நேரத்தில் காட்டுப் பாதையிலோ, ஏரிக்கரையிலோ, மிதிவண்டித் தடத்திலோ இருக்கிறார்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆஹன் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள்: முதுகுப் பையும் கனத்த காலணியுமாக எழுபது வயது தம்பதியர், குழந்தையைத் தோளில் சுமந்த இளம் தந்தையர், கைத்தடி ஊன்றிய தோழியர் கூட்டம் எல்லாம் தெற்கே ஐஃபெல் மலைப்பகுதிக்குப் போகும் பேருந்துக்காகக் காத்திருப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தப் பேருந்தில் ஏறுவது மட்டுமே.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது கொர்னேலிமுன்ஸ்டர். அது ஆஹன் நகரின் எல்லைக்குள்ளேயே, நகரப் பேருந்தில் போய்ச் சேரும் தொலைவில் இருக்கும் பழைய மடத்து ஊர். அங்கிருந்துதான் ஐஃபெல்ஸ்டைக் என்னும் நடைபாதை தொடங்குகிறது. ட்ரியர் நகரம் வரை 313 கிலோமீட்டர் செல்லும் அந்தப் பாதையைப் பதினைந்து கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் கட்டம் ரோட்கன் வரை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். வழியெங்கும் மரங்களிலும் கம்பங்களிலும் குறியீடு இருக்கும். மாலையில் ரோட்கனிலிருந்து பேருந்தில் திரும்பிவிடலாம். கால் பழகிய பிறகு அடுத்த கட்டத்தில், சதுப்பு நிலத்தின் மீது பலகை பதித்த வழியில் நடந்து மொன்ஷாவ் வரை போங்கள். ரூர் ஆற்றின் இரு கரையிலும் மரச்சட்டங்களுக்கு இடையே சுவர் எழுப்பிய வீடுகள் நெருங்கி நிற்கும் அந்தச் சிற்றூர், பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பளித் துணிக்குப் பேர் பெற்றது. ஆற்று நீர் மென்மையானது, கம்பளி அலசவும் சாயம் ஏற்றவும் ஏற்றது என்பதே அந்தத் தொழில் அங்கே ஊன்றக் காரணம். துணி வணிகர் ஒருவர் கட்டிய சிவப்பு மாளிகை இன்றும் அந்தச் செல்வத்துக்குச் சாட்சியாக நிற்கிறது.

நடப்பது பிடிக்காவிட்டால் ஒரு பழைய மிதிவண்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஹனின் ரோட்ட எர்ட நிலையத்தருகிலிருந்து லக்சம்பர்க் நாட்டின் ட்ராவியர்ஜ் வரை 125 கிலோமீட்டருக்கு ஃபென்பான் என்ற மிதிவண்டித் தடம் போகிறது. அது நிலக்கரியும் இரும்புத் தாதுவும் ஏற்றிச் சென்ற பழைய ரயில் பாதை. ஆகையால் ஏற்றம் எங்கும் மெதுவாகத்தான் இருக்கும். முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை அந்த ரயில் பாதையை பெல்ஜியத்துக்குக் கொடுத்தது. தண்டவாளம் போன பின்னும் அந்த நிலம் பெல்ஜியத்தின் கையிலேயே இருக்கிறது. எனவே ஜெர்மனியின் வயல்களுக்கு நடுவே சில மீட்டர் அகலமே உள்ள பெல்ஜிய நாட்டின்மீது நீங்கள் மிதித்துக்கொண்டு போவீர்கள். தடத்துக்கு மேற்கே சில ஜெர்மானியக் குடியிருப்புகள் தாய்நாட்டிலிருந்து பிரிந்து தனித் தீவுகளாகக் கிடக்கும். வேலியும் இல்லை, காவலும் இல்லை, ஓர் எல்லைக்கல்லும் சில மாடுகளும் மட்டுமே. எல்லைகளைப் பற்றிப் படித்ததையெல்லாம் விட அந்த ஒரு மதியம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

வழியில் எதிரே வருபவர் உங்களுக்கு வணக்கம் சொல்வார். நகரத்துக்குள் முகம் பாராமல் கடந்து போகும் அதே மனிதர், காட்டுப் பாதையில் தவறாமல் வணக்கம் சொல்வார். பதில் சொல்லுங்கள். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடப்பதால் ஜெர்மன் பேச வாய்ப்பே இல்லை என்று குறைபடும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. வழி கேட்கலாம், நாயின் பெயர் கேட்கலாம், மழை வருமா என்று கேட்கலாம். எனக்கு ஜெர்மன் வாய்த்தது மொழி வகுப்பில் அன்று, மொன்ஷாவ் பேருந்துக்குக் காத்திருந்த மூதாட்டிகளிடம்.

ஓர் எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமை கிராமப் பேருந்துகள் குறைவு. அங்கே நான் கழித்த முதல் நவம்பர் மாதத்தில் திரும்பும் நேரத்தைப் பாராமல் போய், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, ஐந்து மணிக்கே இருட்டிவிட்ட சாலையோரமாக ஆறு கிலோமீட்டர் தனியே நடந்தேன். பயத்தில் நாக்கு வறண்டது இன்னும் நினைவிருக்கிறது. புறப்படும் முன்பே திரும்பும் பேருந்தையும் அதற்கு முந்தைய பேருந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகும் நாளில், எங்கே போகிறீர்கள் என்று வீட்டுத் தோழி ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: செமஸ்டர் டிக்கெட் என்னும் மாணவர் பயணச் சீட்டைக் கல்லூரிக்குப் போக மட்டுமே பயன்படுத்தி வருகிறேன். நண்பர்கள் ஒரே வார இறுதியில் பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் மூன்றையும் பார்த்துவரக் கூப்பிடுகிறார்கள். என் விசா முடிந்து, குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். போகலாமா?
– ஆஹனிலிருந்து ஒரு மாணவர்

பதில்: இப்போது போக வேண்டாம். செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அட்டையோ கடவுச்சீட்டுடன் கையில் இருந்தால், 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொதுவான விசா முறை கொண்ட ஐரோப்பிய நாடுகளில்) தங்கலாம். ஆனால் நீங்கள் காத்திருக்கும் நிலையில் இருக்கிறீர்கள். இடைக்காலத்துக்கு அயல்நாட்டவர் அலுவலகம் தரும் சான்றிதழ் எல்லாருக்கும் ஒரே உரிமையைத் தருவதில்லை. பழைய அனுமதி தொடர்வதாகக் கொள்ளப்படும் வகையைச் சேர்ந்ததானால் வெளியே போய்த் திரும்பலாம். மற்ற வகையானால் திரும்பி வருவதே சிக்கலாகிவிடும். உங்களுடையது எந்த வகை என்பதை அந்த அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்யாமல் எல்லை தாண்டாதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. ரயிலில் ஏறிக் கடவுச்சீட்டைக் கேட்பது வழக்கமாகிவிட்டது.

அட்டை வந்த பிறகும் அந்த மூன்று நகரப் பயணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு நாளில் மூன்று தலைநகரங்களைப் பார்த்தவர்கள் உண்மையில் பார்ப்பது பேருந்தின் இருக்கையையும் விடுதியின் கட்டிலையும்தான். ஐம்பது புகைப்படங்களுடன் திங்கட்கிழமை தூங்கி வழியும் மாணவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பாரிஸுக்குத் தனியாக மூன்று நாள் ஒதுக்கிப் போங்கள், அது அதற்குத் தகுதியான நகரம்.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செமஸ்டர் டிக்கெட்டின் மதிப்பு உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். 2023 மே மாதம் நாடு முழுவதற்குமான மாத டிக்கெட் 49 யூரோவுக்கு வந்தது. பின்னர் விலை ஏறியது. 2024 கோடைப் பருவத்திலிருந்து பல பல்கலைக்கழகங்கள் அதே டிக்கெட்டைக் குறைந்த விலையில் பருவக் கட்டணத்துடன் சேர்த்தே மாணவர்களுக்குத் தருகின்றன. அதாவது, நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். அதிவேக ரயில்களும் தொலைதூர ரயில்களும் தவிர, நாட்டின் எந்த வட்டார ரயிலிலும், நகரப் பேருந்திலும், டிராமிலும் ஏறலாம். டிக்கெட் உங்கள் பெயரில் இருப்பதால் அடையாள ஆவணத்தை எடுத்துச் செல்ல வேண்டும். கைப்பேசி அணைந்துபோய் டிக்கெட்டைக் காட்ட முடியாமல் போனால் 60 யூரோ அபராதச் சீட்டுக் கிழிப்பார்கள்.

ஆஹனில் தொடங்கும் ஆர்.இ. 1 என்ற வட்டார ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கொலோன், டுசல்டார்ஃப், டூயிஸ்பர்க், எஸ்ஸன், போஹும், டோர்ட்முண்ட் வழியாக ஹாம் வரை போகும் அந்த ஒரு ரயிலின் நிலையங்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றாகப் பார்த்தால்கூட ஒரு பருவம் போதாது. கொலோன் பேராலயத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். 1248-இல் தொடங்கி 1880-இல்தான் கட்டி முடித்தார்கள் என்பதும், இடையில் வேலை நின்றுபோய்த் தெற்குக் கோபுரத்தின் மீது மரப் பாரந்தூக்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது என்பதும் தெரிந்து அந்தக் கோபுரத்தின் 533 படிகளை ஏறுவது வேறு அனுபவம்.

ஆனால் பொறியியல் படிக்கும் உங்களை நான் முதலில் அனுப்ப விரும்புவது எஸ்ஸனுக்கு. ரயில் நிலையத்திலிருந்து 107-ஆம் எண் டிராமில் போனால் ட்ஸோல்ஃபெராயின் நிலக்கரிச் சுரங்கம் வரும். 1986-இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. செங்கல்லும் எஃகுமாக, அளவெடுத்துக் கோடு போட்டதுபோல் நிற்கும் பன்னிரண்டாம் சுரங்க வாயிலின் முன் நான் ஒரு மணி நேரம் பேச்சற்று நின்றிருக்கிறேன். அங்கே முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் வழிகாட்டிகளாக இருந்தார்கள். எங்களை அழைத்துச் சென்றவர் தமது வலது காதைத் தொட்டுக் காட்டி, நிலக்கரி கழுவும் கூடத்தின் இரைச்சலில் அது போய்விட்டது என்றார். அதன் பிறகு அந்த இயந்திரங்களை அழகானவை என்று மட்டும் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. 2018 டிசம்பரில் பக்கத்து ஊரான பொட்ராப்பில் ஜெர்மனியின் கடைசிக் கருங்கரிச் (கடின வகை நிலக்கரி) சுரங்கம் மூடப்பட்டது. ஒரு நாட்டையே சூடேற்றிய தொழில் முடிந்த பிறகு அதன் மக்களும் நிலமும் என்ன ஆகின்றன என்பதை அந்த வட்டாரத்தில் கண்ணால் காணலாம். டூயிஸ்பர்க்கில் 1985-இல் மூடிய இரும்பாலையைப் பூங்காவாக மாற்றி, ஊது உலையின் உச்சிவரை ஏற விட்டிருக்கிறார்கள்.

வுப்பர்டாலுக்குப் போவதானால் ஆர்.இ. 4 ரயில். 1901 முதல் ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தின் கீழ் தொங்கியபடி ஓடும் 13.3 கிலோமீட்டர் ரயிலில், உங்கள் டிக்கெட்டிலேயே முனைக்கு முனை போய் வரலாம். 1950-இல் சர்க்கஸ் விளம்பரத்துக்காக ஏற்றிய டுஃபி என்ற குட்டி யானை, மிரண்டுபோய் வண்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்துச் சிறு காயத்துடன் பிழைத்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

கேள்வி: என் மகன் ஆஹனில் படிக்கிறான். ஒவ்வொரு சனி, ஞாயிறும் எங்கேயாவது மலை, காடு என்று படம் அனுப்புகிறான். நகையை அடகு வைத்து அனுப்பியிருக்கிறோம். கண்டிக்கலாமா, விட்டுவிடலாமா என்று தெரியவில்லை.
– நாகர்கோவிலிலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. அதனால் பணத்தையும் படிப்பையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

பணம்: விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் மாணவர் முடக்கக் கணக்கிலிருந்து மாதம் எடுக்கக் கூடியது, 2024 செப்டம்பரில் வகுத்தபடி, 992 யூரோ. அறை வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் மலைக்கும் காட்டுக்கும் போவதில் செலவு மிகக் குறைவு. பயண டிக்கெட்டுக்குப் பருவக் கட்டணத்திலேயே பணம் கட்டியாகிவிட்டது; காட்டுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது; எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் கட்டிக்கொண்டு போனால் ஒரு காப்பியோடு முடிந்துவிடும். அவன் வேறு நாடுகளின் தலைநகரங்களிலிருந்து வாரந்தோறும் படம் அனுப்பினால்தான் நீங்கள் கணக்குக் கேட்க வேண்டும்.

படிப்பு: இதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பெரும்பாலான பாடங்களில் நம் கல்லூரிகளைப் போல இடைத்தேர்வுகள் இல்லை. பருவம் முடிந்தபின் வரும் ஒரே தேர்வுதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் ஒரே பாடத்தில் மூன்றாம் முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஆகையால் பிப்ரவரி முதல் மார்ச் வரையும், ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் வரையும் வரும் தேர்வுக் காலத்தில் அவன் நூலகத்தில் இருக்க வேண்டும். அந்த வாரங்களிலும் படங்கள் வந்தால் தாராளமாகக் கண்டியுங்கள். மற்ற மாதங்களில் சனிக்கிழமை துணி துவைத்து, சமைத்து, பாடத்தை முடித்துவிட்டு ஞாயிறன்று வெளியே போகிறானா என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே மாலையில் சீக்கிரமே இருட்டிவிடும். பல நாள் சூரியனே தெரியாது. அந்த மாதங்களில் அறையை விட்டு வெளிவராமல் உள்ளுக்குள் ஒடுங்கிப்போன நல்ல மாணவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் இருவர் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார்கள். உங்கள் பிள்ளை மலையில் நின்று சிரித்துக்கொண்டு படம் அனுப்புகிறான் என்றால், அவன் உடம்பும் மனமும் நன்றாக இருக்கின்றன என்று முதலில் ஆறுதல் கொள்ளுங்கள். அடுத்த முறை பேசும்போது எவ்வளவு செலவாயிற்று என்று தொடங்காமல், என்ன பார்த்தாய் என்று தொடங்குங்கள். செலவையும் அவனே சொல்லிவிடுவான்.

கேள்வி: ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போக ஆசை. அங்கே வருபவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள் என்கிறார்கள். எங்களைப் போன்ற தமிழ்நாட்டு மாணவர்கள் தனியாகத் தெரிவோமா?
– போஹுமிலிருந்து ஒரு மாணவி

பதில்: தனியாகத் தெரிவீர்கள், வாய் திறந்த உடனே தெரிந்துவிடும். அதற்காக யாரும் உங்களை ஒதுக்க மாட்டார்கள். முதல் முறை போனபோது பால்குடத்துடன் வரிசையில் நின்ற ஓர் அம்மா என் பேச்சைக் கேட்டுத் திரும்பி, "பிள்ளை எங்கயிருந்து வாறீங்கள்? சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார். ஏழு மாதமாக யாரும் என்னிடம் நேரில் கேட்காத கேள்வி அது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

போரிலிருந்து தப்பி 1980-களில் அகதிகளாக வந்த மக்கள் எழுப்பிய கோயில் அது. ஒரு வீட்டின் நிலவறையில் சிறிய அளவில் தொடங்கிய வழிபாடு, 2002-ஆம் ஆண்டு ஹாம்–உவென்ட்ராப் பகுதியில் கோபுரத்துடன் குடமுழுக்குக் கண்டது. சுற்றிலும் தொழிற்சாலைகளும் சரக்குக் கிடங்குகளும் இருக்க, நடுவே திராவிடப் பாணிக் கோபுரம் எழுந்து நிற்பதைத் தொலைவிலிருந்து பார்க்கும்போது கண்ணை நம்ப முடியாது. கோடையின் தொடக்கத்தில் நடக்கும் திருவிழாவின் தேர் நாளன்று ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். காவடியும், தீச்சட்டியும், நாதஸ்வரமும், தேங்காய் உடைக்கும் ஓசையுமாக அந்தத் தொழிற்பேட்டைச் சாலையில் தேர் நகரும். அக்கம்பக்கத்து ஜெர்மானியக் குடும்பங்கள் பிள்ளைகளுடன் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். தீர்த்தவாரி அங்குள்ள கால்வாயில் நடக்கிறது.

நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. நாம் விசா வாங்கி, படிக்க வந்தவர்கள்; வேண்டும்போது ஊருக்குப் போகலாம். அவர்களில் பலர் அப்படி வரவில்லை. உணவக அடுக்களைகளில் பாத்திரம் கழுவி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, சேமித்த காசில் கட்டிய கோயில் அது. எந்த ஆண்டு வந்தீர்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்கும் நம் வழக்கம் அங்கே ஒருவரின் ஆறாத புண்ணைத் தொட்டுவிடக்கூடும். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். அவர்களுடைய பிள்ளைகள் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொள்வார்கள். அதைக் குறையாகவும் சொல்லாதீர்கள்.

போஹுமிலிருந்து ஆர்.இ. 1 ரயிலில் ஏறினால் மாறாமல் ஹாம் போய்விடலாம். அங்கிருந்து உவென்ட்ராப்புக்குப் பேருந்து. தேர் நாள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். சேலையோ பாவாடை தாவணியோ இருந்தால் உடுத்திக்கொண்டே ரயிலில் ஏறுங்கள். டோர்ட்முண்ட் தாண்டுவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் பட்டுச்சேலையில் இருப்பார்கள். தேர் நிலைக்கு வர மதியம் தாண்டிவிடும், வெயில் சுடும், செருப்பைக் கழற்றிய கால் தார்ச் சாலையில் நிற்க வேண்டியிருக்கும். குடிநீரும் ஒரு காலுறையும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது அங்குள்ள தற்காலிகக் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும். ஒரு பை கூடுதலாக வைத்திருங்கள்.